உங்கள் சிஸ்டத்தில் எங்கள் லயத்துக்கும் ஓர் இடம் வேண்டும்

இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும், தொலைபேசிக் கம்பனிகளில் வலையமைப்பை இயக்கும் பிரிவுகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி அனைவருக்கும்,

வணக்கம். நான் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவன். கொழும்பில் ஒரு தொலைபேசிக் கம்பனியின் வலையமைப்புக் கண்காணிப்பு அறையில் 9 வருஷம் ஷிப்ட் பார்த்தேன். அந்த அறையை நாங்கள் நொக் என்போம். இப்போது ஊருக்கே திரும்பி வந்து, போன் திருத்தும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். டவரை அந்தப் பக்கம் இருந்தும் இந்தப் பக்கம் இருந்தும் பார்த்த ஒருவன் எழுதும் கடிதமாக இதை வாசியுங்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து டவர் கேட்டு எழுதிய கடிதங்கள் உங்கள் மேசையில் நிறைய இருக்கும். நான் புது டவர் கேட்டு எழுதவில்லை. ஏற்கெனவே நிற்கிற டவர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கிற மென்பொருளைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஓஎஸ்எஸ் என்று நீங்கள் சொல்லும் அந்தச் சிஸ்டங்களில் மலையகம் எப்படிப் பதிவாகியிருக்கிறது, எப்படிப் பதிவாகாமல் கிடக்கிறது என்பதுதான் விஷயம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டவரில் ஒன்று பழுதானால் அலாரம் வரும். எந்த டவர் எங்கே இருக்கிறது, எந்த இணைப்பு எதன் வழியாகப் போகிறது என்பது இன்வென்டரியில் இருக்கும். வாடிக்கையாளர் முறைப்பாடு செய்தால் அது டிக்கெட் ஆகும். டிக்கெட் ஆளுக்குப் போகும், ஆள் வான் வண்டியில் ஏறி மலைக்குப் போவார். இது அத்தனையையும் கோத்து வைத்திருப்பதுதான் ஓஎஸ்எஸ். சொல்லும்போது ஒரே சிஸ்டம் போலத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கருவிக் கம்பனியும் தன் கருவிக்கென்று ஒரு மென்பொருளைத் தந்திருக்கும், அதற்கு மேலே இன்னொன்று, டிக்கெட்டுக்கு வேறொன்று, பில்லுக்கு வேறொன்று. எனக்கு முன்னால் நாலு திரை இருந்தது. ஒன்றில் பார்த்ததை இன்னொன்றில் கையால் தட்டுவதுதான் பாதி வேலை. இது நம் நாட்டுக் குறை மட்டும் இல்லை. இந்தச் சிக்கலைத் தீர்க்க 1988ல் தொடங்கிய டிஎம் ஃபோரம் என்கிற உலக அமைப்பு இன்றைக்கும் அதே வேலையில்தான் இருக்கிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

2021 ஜூன் மாதம். ஊரடங்கு காலம். நொக்கில் இருந்த நாங்கள் சிலர் வீட்டுக்குப் போகாமல் கொழும்பிலேயே தங்கி வேலை பார்த்தோம். தென்மேல் பருவ மழை எங்கள் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. ரெண்டு நாளாக வீட்டுக்குப் போன் எடுத்தால் போகவில்லை. மழைக்குக் கரண்ட் போயிருக்கும், அம்மாவின் போனில் சார்ஜ் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். என் முன்னால் இருந்த வரைபடத்தில் எங்கள் தோட்டத்துக்குச் சிக்னல் தரும் டவர் பச்சையாக இருந்தது. பச்சை என்றால் நல்லது. அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வேலையைப் பார்த்தேன்.

அன்று ராத்திரிதான் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு எடுக்க அம்மா எத்தனையோ தடவை முயன்றிருக்கிறார். போகவில்லை. பக்கத்துக் காம்பரா அண்ணன் ஒருவர் மழையில் கோவில் மேட்டுக்கு ஏறி, அங்கேயும் கிடைக்காமல், அதற்கும் மேலே தேயிலைக்குள் நின்று வேறு ஒரு டவரின் சிக்னலைப் பிடித்துப் பேசியிருக்கிறார். அதற்குள் ஒரு மணித்தியாலம் போய்விட்டது. தோட்டத்து லொறியில் ஏற்றிப் பாதி வழியில் அம்புலன்ஸுக்கு மாற்றினார்கள். அப்பா பிழைத்துக்கொண்டார். எனக்கு விஷயம் தெரிய வந்தது மூன்றாம் நாள்.

அன்றைக்கு ஷிப்டில் போய் உட்கார்ந்து அந்த டவரின் கணக்கைத் திறந்தேன். செல் என்பது டவரில் ஒரு பக்கத்துக்குச் சிக்னல் தரும் பகுதி. எங்கள் பக்கம் பார்த்த செல் ஆறு நாளாக ஒரு அழைப்பைக்கூட எடுக்கவில்லை. முழுக்கப் பூச்சியம். ஆனால் அலாரம் ஒன்றும் இல்லை. கருவி தன்னைத் தான் கேட்டால் 'நலமாக இருக்கிறேன்' என்கிறது, போன்களோடு மட்டும் பேசுவதில்லை. இதற்குத் தூங்கும் செல் என்று பேர். உலகம் முழுக்கத் தெரிந்த பழுது. நான் இருந்த இடத்திலிருந்தே அதை நிறுத்தி மறுபடி இயக்கினேன். நாலு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. ஆறு நாள் இருட்டுக்கு நாலு நிமிஷ வேலை. அந்த நாலு நிமிஷத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை, இந்தக் கடிதமும் அதிலிருந்து வந்ததுதான்.

தூங்கும் செல்லைக் கண்டுபிடிக்க எங்களிடம் வழி இருந்தது. போன கிழமை இதே நேரத்தில் எத்தனை அழைப்பு, இந்தக் கிழமை எத்தனை என்று சிஸ்டம் ஒப்பிட்டுப் பார்க்கும். பெரிதாக விழுந்திருந்தால் சொல்லும். அப்படியானால் எங்கள் டவரை ஏன் சொல்லவில்லை? ஏனென்றால் அந்தக் கணக்கில் ஒரு வாசல் வைத்திருந்தார்கள். மணிக்கு இத்தனை அழைப்புக்குக் குறைவாக உள்ள செல்களைப் பார்க்கவே வேண்டாம் என்று. காரணமும் நியாயமானதுதான். சின்ன எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் அதிகம், வீண் அலாரம் கொட்டும். கொழும்பில் உட்கார்ந்து அந்த வாசலை வைத்தவருக்கு எங்கள் ஊர் நாள் எப்படிப் போகும் என்று தெரியாது. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனால் பின்னேரம் வரைக்கும் சனம் மலையில். கொழுந்து பறிக்கும் கைக்குப் போன் பிடிக்க நேரமில்லை. பொழுது சாய்ந்து லயத்துக்குத் திரும்பிய பிறகு ரெண்டு மணித்தியாலம்தான் எல்லோரும் பேசுவார்கள், கொழும்பில் கடையில் நிற்கும் மகனோடு, சவூதியில் இருக்கும் மகளோடு. அப்புறம் படுத்துவிடுவார்கள். இருபத்து நாலு மணித்தியாலத்துக்குச் சராசரி போட்டால் எங்கள் செல் எப்போதும் வாசலுக்குக் கீழேதான் நிற்கும். செத்தாலும் கீழே, இருந்தாலும் கீழே.

ஒவ்வொரு செல்லுக்கும் அதன் சொந்தப் பழக்கத்தை வைத்து அளவு போடுங்கள் என்று கேட்கிறேன். பின்னேரம் ஆறிலிருந்து எட்டு வரை வழக்கமாக நாற்பது பேர் பேசும் செல்லில் ஒரு நாள் பின்னேரம் ஒருவரும் பேசவில்லை என்றால் அதுவே அலாரம். இதற்குப் புதுக் கருவி வேண்டாம். எண்கள் ஏற்கெனவே உங்களிடம் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அந்த ஆறு நாளில் எங்கள் ஆட்கள் முறைப்பாடு செய்யவில்லையா என்றால், செய்திருந்தார்கள். டவுனுக்குப் போனவர்கள் அங்கிருந்து எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். தேடியபோது நாலு டிக்கெட் கிடைத்தது. நாலும் மூடப்பட்டிருந்தன. நாலிலும் ஒரே காரணம்: வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை.

இந்த வரியை நீங்கள் தயவுசெய்து ரெண்டு தடவை வாசிக்க வேண்டும். என் ஊரில் சிக்னல் இல்லை என்று ஒருவர் டவுனில் நின்று சொல்கிறார். சொல்லிவிட்டு ஊருக்குப் போகிறார். மறுநாள் நீங்கள் அவர் போனுக்கு எடுக்கிறீர்கள். போகவில்லை. ஏனென்றால் ஊரில் சிக்னல் இல்லை. மூன்று தடவை முயன்றுவிட்டு டிக்கெட்டை மூடிவிடுகிறீர்கள். அவர் சொன்னது உண்மை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்தச் சாட்சியைக் கொண்டே அவர் முறைப்பாடு மூடப்படுகிறது. அங்கே உட்கார்ந்திருந்த யாரும் கெட்டவர்கள் இல்லை. டிக்கெட் திறந்த நிமிஷத்திலிருந்து ஒரு கடிகாரம் ஓடும், நேரத்துக்குள் மூடாவிட்டால் மாதக் கணக்கில் கேள்வி வரும். அதனால் எல்லோரும் மூடுவார்கள். நானும் மூடியிருக்கிறேன், என் கையால், எங்கள் ஊர் இல்லாத வேறு ஊர்களுக்கு. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

சிக்னல் இல்லை என்ற முறைப்பாட்டை, வாடிக்கையாளர் எடுக்கவில்லை என்பதற்காக மூடும் பழக்கத்தை நிறுத்துங்கள். அந்த வகை டிக்கெட்டுக்கு அந்தத் தெரிவே திரையில் இருக்கக்கூடாது. ஒரே இடத்திலிருந்து ரெண்டு மூன்று பேர் சொன்னால், கருவி என்ன சொன்னாலும், அதை டவர் அலாரமாக எடுத்து நொக்கின் திரைக்குக் கொண்டுவாருங்கள். சனம் சொல்வதும் ஒரு அலாரம்தான்.

ஒரே இடத்திலிருந்து என்று சொன்னேன். அங்கேதான் அடுத்த சிக்கல். அந்த நாலு டிக்கெட்டிலும் இடம் என்ற கட்டத்தில் ஹட்டன் என்றுதான் இருந்தது. ஏனென்றால் பட்டியலில் இருந்த பேர்களில் அதுதான் கிட்ட. தோட்டம் இல்லை, டிவிஷன் இல்லை, லயம் இல்லை. ஹட்டன் என்று போட்டால் டவுன் டவரைச் சோதிப்பார்கள், அது நன்றாக வேலை செய்யும்.

முகவரி இல்லாமல் இருப்பது எங்களுக்குப் பழக்கமான விஷயம். எங்கள் ஆட்கள் இந்த மலைக்கு வந்து 200 வருஷம் ஆனதை 2023ல் நினைவுகூர்ந்தார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய பாதையில் நடந்தார்கள். 200 வருஷத்துக்குப் பிறகும் நிறைய லயங்களுக்குக் கதவிலக்கம் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தர வேண்டும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்திக் கிடைத்து வேலை போனவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பழைய குறை இப்போது உங்கள் சிஸ்டத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. தபாலுக்கு இல்லாத முகவரி டிக்கெட்டுக்கும் இல்லை.

ஆனால் எங்களுக்குள் எங்களுக்கு முகவரி இருக்கிறது. மிகத் துல்லியமாக இருக்கிறது. மேல் கணக்கு (டிவிஷனை நாங்கள் கணக்கு என்போம்), பத்துக் காம்பரா லயம், பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் என்றால் எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு போய் நிற்பார்கள். அப்புறம் ஒரே தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த ஒரு பேர், எங்கள் பாட்டன்மார் தமிழில் வைத்த ஒரு பேர், சிங்களத்தில் ஒரு பேர். அம்மாவிடம் ஆங்கிலப் பேரைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். கஸ்டமர் கேரில் இருக்கும் பிள்ளைக்கு அந்தத் தமிழ்ப் பேர் தெரியாது. ரெண்டு பேரும் ஒரே இடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது ரெண்டு பேருக்குமே தெரியாமல் போகிறது. இன்வென்டரியில் ஒரு இடத்துக்கு ஒரு பேர்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தோட்டம், டிவிஷன், லயம் என்ற அடுக்கோடு, மூன்று பேரையும் எழுதி, எந்த லயம் எந்தச் செல்லின் பார்வையில் இருக்கிறது என்று கோத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மொழியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முறைப்பாடு தமிழில் வருகிறது. அதைக் கேட்டவர் ஆங்கிலத்தில் ரெண்டு வரியாகச் சுருக்குகிறார். மலைக்குப் போகும் தொழில்நுட்பவியலாளர் அதைச் சிங்களத்தில் புரிந்துகொள்கிறார். 'மழை பெய்தால் மட்டும் போய்விடுகிறது, விட்டதும் வருகிறது' என்று அக்கா ஒருவர் சொன்னது கடைசியில் 'சிக்னல் பலவீனம்' என்று போய்ச் சேர்கிறது. வேலை தெரிந்தவருக்கு அந்த மழைதான் முக்கியமான துப்பு. டவருக்கும் டவருக்கும் நடுவில் ஓடும் மைக்ரோவேவ் இணைப்பின் அலைவரிசை கூடக் கூட மழை அதை அதிகமாகக் குடிக்கும். மழையோடு போய் மழையோடு வந்தால் அங்கே பாருங்கள் என்று அர்த்தம். நான் பார்த்த பழைய சிஸ்டத்தில் தமிழில் எழுதினால் கேள்விக்குறி வரிசையாக விழும். யுனிகோடில் 1991லிருந்து தமிழ் இருக்கிறது. இந்த நாட்டின் ஆட்சி மொழிகளில் அது ஒன்று. டிக்கெட்டில் அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே வைத்துக்கொள்ள ஒரு கட்டம் கேட்கிறேன். மொழிபெயர்ப்பு பக்கத்தில் இருக்கட்டும்.

இன்வென்டரியைப் பற்றி இன்னும் ஒன்று. மலையில் டவர்கள் சங்கிலி போல இருக்கும். இந்த முகட்டில் இருப்பது அடுத்த முகட்டில் இருப்பதைப் பார்த்து, அது இன்னொன்றைப் பார்த்து, கடைசியில் எங்காவது ஃபைபரைத் தொடும். சங்கிலியில் ஒரு வளையம் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள எல்லாமே கத்தும். அப்போது சிஸ்டம் 'தாய் இணைப்பு விழுந்திருக்கிறது, பிள்ளைகளின் அலாரத்தைக் காட்ட வேண்டாம்' என்று அடக்கிவிடும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் எது தாய், எது பிள்ளை என்று இன்வென்டரியில் சரியாக இருந்தால்தான் நல்ல ஏற்பாடு. மழைக்காலத்தில் ஒரு இணைப்பை அவசரமாக வேறு முகட்டுக்குத் திருப்பிவிட்டு வருவார்கள். உயிர் வந்துவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம், பதிவில் மாற்ற மறந்துவிடும். ரெண்டு வருஷம் கழித்துப் பழைய தாய் விழும்போது, அதோடு இப்போது எந்தச் சம்பந்தமும் இல்லாத இந்தப் பிள்ளையின் சொந்தப் பழுதும் சேர்த்து அடக்கப்பட்டுவிடும். மற்றதெல்லாம் எழும்பிய பிறகும் இது எழும்பாது. நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை மட்டும் இல்லை.

பற்றரிக் கதையும் அப்படித்தான். பதிவில் இந்த டவருக்கு எட்டு மணித்தியாலம் தாங்கும் என்று இருக்கும். அது பற்றரி வைத்த அன்று எழுதியது. 2022ல் நாட்டில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்தார்கள், ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. அந்த மாதங்களில் தினமும் அடிமட்டம் வரை காலியாகிக் காலியாகி நிரம்பிய பற்றரி அதற்குப் பிறகு எட்டு மணித்தியாலம் தாங்குமா? தாங்காது. ஆனால் அந்தக் கட்டத்தில் எட்டு என்ற எண் அப்படியே இருக்கும். ஆள் போய் அளக்கத் தேவையே இல்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். மின்சாரம் போனதும் ஒரு அலாரம் வருகிறது. டவர் விழுந்ததும் ஒரு அலாரம் வருகிறது. ரெண்டுக்கும் நடுவில் உள்ள நேரம்தான் அந்தப் பற்றரியின் இன்றைய பலம். எங்கள் பக்கம் கரண்ட் போவது குறைவில்லை, மாதம் சில தடவையாவது இந்தப் பரீட்சை தன்பாட்டில் நடக்கிறது. விடைத்தாளை யாரும் திருத்துவதில்லை. அந்த நேரத்தை ஒவ்வொரு தடவையும் சிஸ்டமே எழுதிக்கொண்டு வந்தால், எந்த டவர் அடுத்த மழையில் முதலில் விழும் என்று இப்போதே வரிசைப்படுத்திவிடலாம்.

இப்போது ஆணைக்குழுவிடம் ஒரு வார்த்தை. 1991ம் ஆண்டின் 25ம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும், உங்களை உருவாக்கிய 1996ம் ஆண்டுத் திருத்தமும் பொதுமக்களின் நலனை உங்கள் கையில் தந்திருக்கின்றன. கம்பனிகளிடம் சேவைத் தரத்தைக் கேட்கும்போது சராசரியாகக் கேட்காதீர்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆயிரம் டவர் உள்ள வலையமைப்பில் ஒரு டவர் பத்து நாள் செத்துக்கிடந்தால், வருஷ மொத்தச் சராசரியில் குறைவது 0.003 வீதம்கூட இல்லை. அறிக்கையில் அது தெரியவே தெரியாது. ஆனால் அந்த ஒரு டவரை நம்பியிருக்கிறவர்களுக்கு அது பத்து நாள், முழுசாகப் பத்து நாள். ஆகவே டவர் டவராகக் கேளுங்கள். வருஷத்தில் மிக அதிக நேரம் இருட்டில் கிடந்தவை எவை, எத்தனை மணித்தியாலம், ஏன் என்று கேட்டு, பிரதேச செயலகப் பிரிவு வாரியாகப் பொதுவில் போடுங்கள். அம்பகமுவவிலோ ஹல்துமுல்லையிலோ இருக்கும் ஒருவர் தன் இடத்தைத் தேடிப் பார்க்கக்கூடிய மாதிரி.

தரத்தை அளப்பதும் அப்படித்தான். வாகனத்தில் கருவியை வைத்து ஏ7 வீதியில் அவிசாவளையிலிருந்து நுவரெலியா வரை ஓட்டி அளந்தால் நல்ல எண்தான் வரும். லயங்கள் அந்த வீதியில் இல்லை. வீதியிலிருந்து தோட்டத்து ரோட்டில் மைல் கணக்கில் உள்ளே, முகட்டின் மறுபக்கத்தில் இருக்கின்றன. போன்களே தங்கள் இடத்தின் சிக்னலை அளந்து அனுப்பும் முறை, மொபைல் வலையமைப்புகளுக்குத் தரம் வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 10ம் வெளியீட்டிலேயே வந்துவிட்டது. வாடிக்கையாளரின் சம்மதத்தோடும் அவர் அந்தரங்கத்தைக் காத்தும் அதைப் பயன்படுத்தினால், வான் போக முடியாத இடத்தின் உண்மை தானாக வந்து சேரும்.

மண்சரிவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கம் மலை மலையாகச் சரிந்தது. அந்த நாட்களில் என் கடைக்கு வந்தவர்கள் போன் திருத்த வரவில்லை. என் கையில் சிக்னல் இருக்கிறதா, ஒரு தடவை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டு வந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் முகநூலில் தாய் தகப்பனின் படத்தைப் போட்டு, இந்தத் தோட்டத்தில் யாராவது இவர்களைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள்.

அந்த நேரத்தில் டவர் விழுவதைத் தடுக்க எந்த மென்பொருளாலும் முடியாது என்று எனக்குத் தெரியும். வீதி இல்லை, மின்சாரம் இல்லை, ஃபைபர் மண்ணோடு போய்விட்டது. அந்த மழையிலும் டீசல் கேனைத் தோளில் வைத்து நடந்து போன களப் பணியாளர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது, பிரதேச செயலகப் பிரிவின் பேரைச் சொல்லி விடுகிறது. சிவப்பு விழுந்த பிரிவில் எந்தெந்த டவர், ஒவ்வொன்றின் பற்றரிக்கும் இன்று எத்தனை மணித்தியாலம், எது விழுந்தால் எத்தனை லயம் எச்சரிக்கை கேட்காமல் போகும் என்று உங்கள் சிஸ்டம் ஒரு நிமிஷத்தில் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் செம்மஞ்சள் நிலையிலேயே, வீதி திறந்திருக்கும்போதே, ஜெனரேட்டர் மேலே போய்விடும். எச்சரிக்கைக் குறுஞ்செய்தி போய்ச் சேரவில்லை என்றால் பிரதேச செயலகத்துக்குச் சொல்லி, ஆளை அனுப்பிக் கோவிலில் மணி அடிக்கச் சொல்லவாவது நேரம் இருக்கும்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உலகம் முழுக்கத் தொலைபேசிக் கம்பனிகள் பழைய சிஸ்டங்களைக் கழற்றிவிட்டுக் கிளவுடுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் மாறுகின்றன. மனிதர் கை படாமல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வலையமைப்பு என்று பேசுகிறார்கள். எனக்கு அதில் விரோதம் இல்லை. என் நாலு திரையும் ஒன்றாகியிருந்தால் எங்கள் ஊரின் ஆறு நாளும் ஒரு நாளாகியிருக்கலாம். ஆனால் நான் வேலை செய்த காலத்தில் ஒரு சிஸ்டம் மாற்றத்தை உள்ளிருந்து பார்த்தேன். பழையதில் ஒவ்வொரு டவருக்கும் குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. கண்டபடி எழுதிய கட்டம்தான். 'சாவி தோட்டத்து ஆபீசில், ஞாயிறு என்றால் காவல்காரர் வீட்டில்.' 'மழை என்றால் பாலத்துக்கு மேலே வான் ஏறாது, நடந்து முக்கால் மணி.' 'குளவிக் கூடு, பின்பக்கத்தால் போகவும்.' பத்துப் பதினைந்து வருஷம் மலை ஏறி இறங்கியவர்கள் ஒவ்வொரு வரியாக எழுதி வைத்தது. புதுச் சிஸ்டத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. அதனால் தரவை மாற்றும்போது அதை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு மாதக் கணக்கில் ஆட்கள் சாவி இல்லாமல் போய்ப் போய்த் திரும்பி வந்தார்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி எனக்கு உள்ள பெரிய பயமும் இங்கேதான். அந்த இயந்திரம் எதைப் பார்த்துப் படிக்கும்? பழைய டிக்கெட்டுகளைப் பார்த்துத்தான் படிக்கும். எங்கள் பக்கத்து முறைப்பாடுகளில் எத்தனை 'தொடர்புகொள்ள முடியவில்லை' என்று மூடப்பட்டிருக்கின்றன? அதைப் படித்த இயந்திரம், இந்தப் பகுதியிலிருந்து வரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுமில்லாதது என்று கற்றுக்கொள்ளும். அப்புறம் அதை வரிசையின் கடைசியில் வைக்கும். முன்பு சோர்ந்துபோன ஒரு ஊழியர் செய்த தவறை அது சோராமல், ராத்திரி பகலாகச் செய்யும். யாரும் வந்து கேட்கவும் முடியாது, ஏனென்றால் அது கணக்கு. பழைய டிக்கெட்டுகளைப் பயிற்சிக்குக் கொடுக்கும் முன், அப்படி மூடிய ஒவ்வொன்றையும் அந்த நாளின் செல் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் டவரின் ஆறு நாள் பூச்சியம் போல எத்தனை பூச்சியம் அதற்குள் கிடக்கிறது என்று தெரியவரும். அவற்றைத் திருத்திவிட்டுக் கொடுங்கள்.

காசு என்று சொல்வீர்கள். மலையில் டவருக்குச் செலவு அதிகம், ரீலோட் போடும் தொகை சின்னது, எனக்கும் தெரியும். நான் கேட்டவற்றைத் திரும்ப ஒரு தடவை பாருங்கள். புது டவர் ஒன்றுகூட இல்லை. டிக்கெட் விதியில் ஒரு மாற்றம், கணக்கில் ஒரு வாசல், பதிவில் சில கட்டங்கள், ஏற்கெனவே வரும் ரெண்டு அலாரத்தைக் கழிக்கும் ஒரு கழித்தல். மிச்சம் எல்லாம் மலைக்கு வந்து பேர்களைக் கேட்டு எழுதும் வேலை.

அந்த வேலையை நான் கொஞ்சம் தொடங்கிவிட்டேன். கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுகிறேன். இதுவரை 43 லயம். ஒவ்வொன்றுக்கும் தோட்டத்தின் தமிழ்ப் பேர், ஆங்கிலப் பேர், சிங்களப் பேர், எந்தக் கணக்கு, லயத்து வாசலில் நின்றால் எந்த முகட்டு டவர் தெரிகிறது, எந்தப் பக்கம் நின்றால் சிக்னல் வரும், மழைக்குப் போகுமா, கரண்ட் போய் எவ்வளவு நேரத்தில் போகும், ரோடு எதுவரை, சாவி யாரிடம். பிள்ளைகள் சிலர் போனில் ஆள்கூறு எடுத்துத் தருகிறார்கள். ஆசிரியை ஒருவர் பக்கத்துத் தோட்டத்துக்கும் இதே மாதிரி எழுதத் தொடங்கியிருக்கிறார். டிஎம் ஃபோரம் டிக்கெட்டுக்கும் இன்வென்டரிக்கும் திறந்த ஏபிஐ, அதாவது சிஸ்டங்கள் ஒன்றோடு ஒன்று தரவைப் பரிமாறும் முறை, வரையறுத்து வைத்திருக்கிறது. அதற்கு ஏற்ற அமைப்பில் இதைத் தட்டச்சு செய்து தரவும் எனக்குத் தெரியும், சம்பளம் வேண்டாம்.

இந்தக் கொப்பியை வாங்கிக்கொள்ள உங்களில் யாரிடமும் ஒரு இடம் இல்லை. கஸ்டமர் கேரில் கேட்டேன், ஹட்டனில் உள்ள கிளையில் கேட்டேன், எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆணைக்குழு ஒரு முகவரியைச் சொல்லட்டும், அல்லது கம்பனிகளில் ஏதாவது ஒன்று ஒரு ஆளின் பேரைச் சொல்லட்டும். அடுத்த மழைக்காலம் மே மாதம் தொடங்கும். அதற்கு முன் முதல் 43ஐயும் அனுப்பிவிடுகிறேன். சந்தேகம் இருந்தால் ஒரு தொழில்நுட்பவியலாளரை அனுப்புங்கள், எந்த லயத்துக்கு வேண்டுமானாலும் கூட வந்து காட்டுகிறேன். சனி, ஞாயிறு என்றாலும் சரிதான், கடையைப் பூட்டிவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
முன்னாள் நொக் ஊழியன் ஒருவன்
ஹட்டன்